மேல்பாதியின் சாவி

2018 நவம்பர் 6, செவ்வாய்

இன்றும் அத்தாரீன் பழஞ்சாமான் கடைவீதிக்குப் போய் வந்தேன். ஒன்றும் வாங்கவில்லை.

ஹாஜி பஷந்தி ஒரு கண்ணாடி அலமாரியைக் காட்டினார். "பாஷா வீட்டுச் சாமான், டாக்டரம்மா. எஜமானியம்மா போன மாசம்தான் மவுத்தானாங்க, அல்லா ரஹ்மத் செய்யட்டும்" என்றார். முப்பது வருடமாகப் பார்க்கிறேன், அந்த வீதியில் எஜமானி சாகாத அலமாரி ஒன்றுகூட விற்பனைக்கு வந்ததில்லை. பாஷா பட்டமெல்லாம் ஒழிந்து அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர்கள் வீட்டுச் சாமான்கள் மட்டும் இன்னும் தீர்ந்தபாடில்லை.

வழக்கம்போல ஒன்றே ஒன்று கேட்டேன். சாவி இருக்கா? இல்லையாம். சாவி இல்லையென்றால் யாரோ எங்கோ நெம்பித் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். விலையைக் கேட்பதற்கு முன் சாவியைக் கேட்க வேண்டும், இது என் சட்டம். அவர் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு டிராம் ஏறி வந்துவிட்டேன்.

வாசலில் உம்மு ரஜப் பிடித்துக்கொண்டாள். காவல்காரர் பெண்டாட்டிக்கு நான் வெறுங்கையோடு வந்தால் ஒரு சந்தோஷம். "வீட்ல ஆளு ஒண்ணு, அலமாரி அஞ்சு. ஆறாவது வந்தா நீங்க மாடிப்படியிலதான் படுக்கணும்."

நவம்பர் 8

பால்கனிப் பக்கத்து அலமாரியின் பின்கால் அடியில் மாவு கொட்டியிருக்கிறது. மறுபடியும் உளு.

நவம்பர் 9

உளுத்த துளை பதினொன்று. பழைய மருந்துக்கடைப் பெட்டியிலிருந்து ஊசி எடுத்து ஒவ்வொன்றிலும் மருந்து ஏற்றினேன், பிறகு மெழுகு வைத்து அடைத்தேன். முப்பத்திரண்டு வருடம் மருந்துக்கடை நடத்தியவள் இப்போது மரத்துக்கு ஊசி போடுகிறாள். மரம் அழுவதில்லை, மருந்துச்சீட்டு இல்லாமல் வந்து கெஞ்சுவதுமில்லை.

இழுப்பறைகளில் சாக்கட்டியை மாற்றினேன். கடல்காற்றின் ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். இழுப்பறை ஓடும் கட்டைகளுக்குச் சோப்பு தேய்த்தேன். கடைசியாக அம்மாவின் பூஃபேயை, அந்தத் தட்டு வைக்கிற அலமாரியை, துடைத்தேன். அதற்கு உளு இல்லை, விரிசல் இல்லை. இடுப்பு உயரத்தோடு நின்றுபோன பாதிச் சாமான், அவ்வளவுதான் குறை. மேல்பாதியின் முளைகள் உட்கார்ந்திருந்த நாலு குழியும் மேற்பலகையில் அப்படியே இருக்கின்றன. அவற்றின் மேல் பூவேலைத் துணி விரித்து வைத்திருக்கிறேன். விருந்தாளி வந்தால் கோப்பையைச் சரியாகக் குழி மேல் வைத்துவிடக் கூடாதே என்று. எந்த விருந்தாளி?

நவம்பர் 13, செவ்வாய்

எழுத்து கோணிக்கொண்டு வருகிறது. வரட்டும்.

பஷந்தியின் கடையில் நுழைந்ததும் பார்த்தேன். வலதுபக்கச் சுவரோரம், தரையில், கதவு இரண்டையும் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தது. எங்கள் மேல்பாதி. கிட்டே போகாமலே தெரிந்துவிட்டது. கிட்டே போய் இடது கதவில் மூன்றாவது கண்ணாடியைத் தடவினேன். மற்றதெல்லாம் ஓரம் சாய்த்துத் தேய்த்த கண்ணாடி. அது மட்டும் தட்டை. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அக்கா மேல் மரச்செருப்பை வீசினேன். அவள் குனிந்துவிட்டாள். அம்மா இரண்டு பேரையும் அடித்தாள், வீசியதற்கு என்னை, குனிந்ததற்கு அவளை.

யார் வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டேன்.

"கெய்ரோலேருந்து வந்தது, டாக்டரம்மா. எஜமானியம்மா மவுத். அல்லா ரஹ்மத் செய்யட்டும்."

தவ்லத் அக்கா.

கேட்ட விலையைக் கொடுத்தேன். பேரம் பேசவில்லை. பஷந்தி பயந்துபோனார். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, மூன்று தடவை உடம்புக்கு என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

நவம்பர் 14

அக்கா வீட்டு நம்பர் மனதில் இருந்தது. பத்தொன்பது வருடம் சுழற்றாத நம்பர், விரல் மறக்கவில்லை. இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொன்னாள். மறுபடி போட்டேன். அதே பெண்.

அவள் மகன் ஷிஹாப் கனடாவில் இருக்கிறான் என்று கேள்வி. அவன் நம்பர் என்னிடம் இல்லை. அவனுக்கும் என் நினைவு வந்திருக்காது. நான் கடைசியாகப் பார்த்தபோது அவனுக்கு இருபது வயது. சித்தி என்று கூப்பிட்டு என் தோளில் கை போட்டான், தட்டிவிட்டேன்.

எனக்கு யார் சொல்லி அனுப்புவார்கள்? எதற்காகச் சொல்லி அனுப்புவார்கள்?

நவம்பர் 17

மழையும் காற்றும் அடித்து ஓய்ந்தது. வருடா வருடம் வரும் முதல் புயல், மக்னஸா, தெருவைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போயிற்று. அதற்கு நடுவில்தான் சுமைக்காரர்கள் மேல்பாதியைப் போர்வை சுற்றிக் கொண்டுவந்தார்கள். பூஃபேக்கு எதிரே கூடத்தில் தரையிலேயே வைக்கச் சொன்னேன்.

அளந்து பார்த்தேன். முளைக்கும் குழிக்கும் ஒரு தீக்குச்சி கனம் இடிக்கிறது. மேல்பாதி பத்தொன்பது வருடம் கெய்ரோவின் வறண்ட காற்றில் கிடந்து சுருங்கியிருக்கிறது. கீழ்ப்பாதி இங்கே ஈரத்தில் இருந்தது. இப்போது அழுத்தி உட்காரவைத்தால் ஏதாவது ஒன்று பிளக்கும். ஒரு குளிர்காலம் முழுக்க மேல்பாதி கடல்காற்றைக் குடிக்க வேண்டும். அதுவரை எதிரெதிரே இருக்கட்டும்.

நவம்பர் 20, செவ்வாய்

அத்தாரீன் போகவில்லை. கருப்பு உடுத்தியிருக்கிறேன். உம்மு ரஜப் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தவள் நின்றாள். யாரும்மா என்று கேட்டாள். அக்கா என்றேன்.

"உங்களுக்கு அக்கா இருந்தாங்களா?"

பன்னிரண்டு வருடமாக எனக்கு ரொட்டி வாங்கி வருகிறவள் கேட்கிறாள்.

நவம்பர் 27

எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

அம்மா பதினொரு வருடம் படுக்கையில் இருந்தாள். நான் பார்த்துக்கொண்டேன். அக்கா கெய்ரோவிலிருந்து பெருநாளுக்குப் பெருநாள் வருவாள், இனிப்பு வாங்கி வருவாள், அம்மா அதைச் சாப்பிடக் கூடாது. அவளுக்கும் அங்கே சீக்குப் புருஷன் இருந்தான் என்று இப்போது நினைத்துக்கொள்ள முடிகிறது. அப்போது முடியவில்லை.

அம்மா போன மூன்றாம் நாள். துக்கத்துக்கு வந்தவர்கள் இன்னும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா பூஃபேயின் கண்ணாடிக் கதவுப் பக்கம் போய் நின்று, சாவியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா அந்தச் சாவியை மார்புக்குள்தான் வைத்திருப்பாள், குளிப்பாட்டும்போது அக்கா எடுத்திருக்கிறாள். "அம்மா இது எனக்குன்னு சொல்லியிருந்தா" என்றாள். சண்டையாகச் சொல்லவில்லை. அழுதுகொண்டே சொன்னாள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கீழே போய்ச் சுமைக்காரர்களைக் கூட்டிவந்து எல்லோர் முன்னாலும் மேல்பாதியைக் கழற்றச் சொன்னேன்.

"கண்ணாடி இருக்கிற பாதிய எடுத்துட்டுப் போ. நீ எப்பவும் பார்க்க அழகா வந்து நிக்கிறவதானே. பாரம் தாங்கின பாதி என்கிட்ட இருக்கட்டும்."

அவள் கதவைத் திறந்தாள். உள்ளே இருந்த அம்மாவின் தட்டு பன்னிரண்டையும் புடவைத்துணி மாதிரி ஏதோ ஒன்றில் சுற்றி எடுத்துக்கொண்டாள். கதவருகே நின்று என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பி, கீழ்ப்பாதியின் குழிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பத்தொன்பது வருடம். அதைச் சொன்னது நான்தான்.

டிசம்பர் 4

காஸிம் புயல். கடலோரச் சாலையை மூடிவிட்டார்கள். ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் இன்றைய நாள் முடிந்தது.

டிசம்பர் 11

மேல்பாதியின் பழைய மெருகைச் சாராயத் துணியால் எடுத்துவிட்டேன். அவலரக்கு கரைத்துப் புதிதாகப் பூச ஆரம்பித்திருக்கிறேன். ஒரு கை பூசி, ஒரு நாள் காயவிட்டு, அடுத்த கை. விரல் நுனியெல்லாம் பழுப்பு.

உள்தட்டில் விரித்திருந்த செய்தித்தாளை எடுத்துப் பார்த்தேன். இந்த வருடம் செப்டம்பர். கத்தரியால் ஓரம் நேராக வெட்டி விரித்திருக்கிறாள். அம்மா விரிப்பது மாதிரியே மடிப்பு உள்பக்கம். செப்டம்பரில் தாள் மாற்றியிருக்கிறாள் என்றால் நன்றாகத்தான் இருந்திருக்கிறாள். அப்புறம் என்ன ஆயிற்று? மாரடைப்பா? விழுந்தாளா? பக்கத்தில் யார் இருந்தார்கள்?

உயிரோடு இருந்தபோது ஒரு தரமும் கேட்காத கேள்விகள்.

டிசம்பர் 23

எந்தத் தேதியில் போனாள் என்று தெரியாததால், நான் கேள்விப்பட்ட செவ்வாய்க்கிழமையிலிருந்து நாற்பது நாள் எண்ணி இன்று நாற்பது வைத்தேன். இறந்தவர் பேரில் தானம் கொடுக்கிற ரஹ்மத் ரொட்டியும் பேரீச்சம்பழமும் வாங்கிக்கொண்டு அம்மாவின் கபருக்குப் போனேன். அக்காவின் கபர் எங்கே என்று தெரியாதே. ஓதுகிறவர் பெயர் கேட்டார். தவ்லத் என்றேன். "உங்க சொந்தமா?" என்றார். மழை பிடித்துக்கொண்டது. மிச்ச ரொட்டியை உம்மு ரஜப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

"நல்ல மனுஷியா இருந்திருப்பாங்க" என்றாள் உம்மு ரஜப்.

ஆமாம் என்றேன். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அம்மாவுக்குக்கூட இப்படி அழவில்லை.

2019 ஜனவரி 2

வருடப்பிறப்புப் புயல். மேல்பாதி நன்றாக ஈரம் குடித்துவிட்டது, இடிப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது. ஆனால் கதவுகள் நிற்க மாட்டேனென்கின்றன. காற்று உள்ளே வந்தால் தானாகத் திறந்து, தானாக மோதுகின்றன. அந்தத் தட்டைக் கண்ணாடி அதிர்கிறது. கயிறு கட்டினால் புது மெருகில் தடம் விழும்.

பூட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பூட்டு நல்ல பூட்டு, சாவி கொடுங்க என்றார். இல்லை என்றேன். அப்படியானால் பூட்டைக் கழற்றி எடுத்துப்போய்ச் செய்ய வேண்டும், சுற்றி மரம் கொஞ்சம் பெயரும் என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். நெம்பின தடம் இல்லாத கதவு அது.

அப்போதுதான் உறைத்தது. பஷந்தியிடம் நான் சாவி கேட்கவே இல்லை. முப்பது வருடத்தில் முதல் தடவை.

ஜனவரி 8, செவ்வாய்

அத்தாரீன் போனேன். பஷந்தி எழுந்து நின்று, எட்டு வாரமாகக் காணோமே, கருப்பு வேறு உடுத்தியிருக்கிறீர்களே என்று கேட்டார். அந்தக் கண்ணாடி அலமாரிக்குச் சாவி வந்ததா என்றேன்.

அவர் முகம் மாறியது. மேசை இழுப்பறையைத் திறந்து கிளறினார். ரசீதுகளுக்கு அடியிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் எடுத்தார்.

"சாவிய அந்தம்மா குடுக்கல. யாராவது சாவி கேட்டா இந்த நம்பரக் குடுங்கன்னாங்க. கேக்காதவங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னாங்க. நீங்க கேக்கலையே, டாக்டரம்மா."

எந்தம்மா என்று கேட்டேன். இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

"வித்தவங்கதான். கெய்ரோல வீட்டக் காலி பண்றாங்க. டீ போட்டுக் குடுத்து, ஒரு மணி நேரம் பேரம் பேசி என் உசுர எடுத்தாங்க."

"மவுத்துன்னு சொன்னீங்களே."

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டார். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வாராம். உயிரோடிருக்கிறவர் விற்றது என்றால் சாமானில் ஏதோ குறை இருக்கிறது என்று ஜனங்கள் நினைக்குமாம், செத்தவர் சாமான் என்றால் பேசாமல் வாங்குமாம். "உங்களுக்குத் தெரியாததா, டாக்டரம்மா? நீங்கதான் சிரிப்பீங்களே."

எனக்குத் தெரியாததா! போன நவம்பர் ஆறாம் தேதி நானே என் கையால் எழுதி வைத்திருக்கிறேன், இதோ முதல் பக்கத்தில். அடுத்த வாரமே நம்பினேன். அவரைத் திட்ட வாய் வரவில்லை. தண்டனை என்று ஏற்கெனவே காத்துக்கொண்டிருந்தவளிடம் அவர் என்ன சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்.

காகிதத்தில் அவள் கையெழுத்து. ஏழு மட்டும் சாய்ந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து மாலையில்தான் போட முடிந்தது. மூன்று தடவை எண் தப்பியது. எடுத்தாள். என் பெயரைச் சொன்னேன்.

"சாவி கேக்க இவ்வளவு நாளாச்சா உனக்கு?" என்றாள்.

அவளே பேசினாள். ஒரு டாக்டரம்மா வாங்கிவிட்டார் என்று பஷந்தி நவம்பரிலேயே சொல்லிவிட்டாராம், நான்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். ஃபோன் வரும் வரும் என்று பார்த்தாளாம். குளிக்கப் போகும்போதும் எடுத்துக்கொண்டு போனாளாம்.

"சாமான் மட்டும் போதும்னு நினைச்சிட்டேபோலன்னு விட்டுட்டேன், இஸ்மத்."

நீ செத்துவிட்டாய் என்று நினைத்தேன், நாற்பதுகூட வைத்துவிட்டேன் என்றேன். சிரித்தாள், இருமல் வருகிற வரைக்கும் சிரித்தாள். எத்தனை ரொட்டி கொடுத்தாய் என்று கேட்டாள். அறுபது என்றேன். அவ்வளவுதானா என்றாள்.

பிறகுதான் சொன்னாள். ஷிஹாப் கூட்டிக்கொண்டு போகிறான். கனடாவுக்கு, மொத்தமாக. வெள்ளிக்கிழமை விமானம்.

இன்று செவ்வாய்.

ஜனவரி 9

காலை ரயிலில் வந்தாள். சீதி காபர் ஸ்டேஷனில் அவளை நான் கண்டுபிடிக்கவில்லை. கிழவி ஒருத்தி என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள், யாரையோ கூப்பிடுகிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

பெட்டியில் மாற்றுத்துணி ஒன்று, மீதியெல்லாம் அம்மாவின் தட்டு. பன்னிரண்டும். விற்கவில்லை. மேல்பாதியையும் விற்கிற எண்ணம் இல்லையாம். கெய்ரோவில் வாங்க ஆளா இல்லை என்றாள். "உன் மருந்துக்கடைக்கு லீவு செவ்வாய்க்கிழமைதானே. நீ அங்கதான் சுத்துவேன்னு தெரியும். நேரா உன் வீட்டுக்கு அனுப்பியிருந்தா திருப்பி அனுப்பியிருப்பே."

அனுப்பியிருப்பேன்.

உம்மு ரஜப் படியேறி வந்து இவளைப் பார்த்தாள், இவள்தான் என் அக்கா என்றேன். கையிலிருந்த ரொட்டியை அங்கேயே வைத்துவிட்டு பிஸ்மில்லா சொல்லிக்கொண்டு இறங்கிப் போனாள்.

மீன் சோறு செய்தேன். அம்மாவின் தட்டில் சாப்பிட்டோம். நான் அன்று சொன்னதை அவளிடம் திருப்பிச் சொல்லி, அதற்கு மன்னிப்புக் கேட்டேன். மீன் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நானும் பாரம் தாங்கினேன், இஸ்மத். உனக்குத் தெரியிற இடத்துல இல்ல, அவ்வளவுதான்" என்றாள்.

எனக்கு இன்னும் கொஞ்சம் தட்டில் போட்டாள்.

சாப்பிட்டதும் இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்க்கணும் என்று அடம்பிடித்தாள். கூடாது, இன்னும் இடிக்கிறது, மார்ச் வரை பொறுக்கணும் என்றேன். "மார்ச்ல நான் எங்க இருப்பேன்?" என்றாள். அளவுகோலை வைத்துக் காட்டினேன். காட்டும்போதே என் மேல் எனக்கு எரிச்சலாக வந்தது. எட்டு வாரம் முன்னால் ஒரு கேள்வி கேட்டிருந்தால்.

ஜனவரி 10

தட்டுகளைக் கழுவித் துடைத்து அவளே அடுக்கினாள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் என் துவாலையை வைத்தாள். என்னிடம் இருந்த நல்ல துவாலை ஏழும் போயிற்று. கதவைச் சாத்தி, கழுத்துச் சங்கிலியிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டினாள். ஒரே சுற்று. கதவு அசையவில்லை. கையை நீட்டினேன். அவள் சாவியை மறுபடி சங்கிலியில் கோத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.

"பன்னெண்டு எண்ணி வெச்சிருக்கேன். வந்து திறந்து எண்ணுவேன்."

"தட்டு உள்ள இருந்தா எப்படித் தூக்கிச் சேர்க்கிறது? பாரம்."

"பூட்டினபடியே தூக்கட்டும். இத்தன வருஷம் அத்தாரீன்ல சுத்தினவளுக்கு நாலு நல்ல சுமைக்காரன் கிடைக்க மாட்டானா?"

எழுபத்தோரு வயதில் கனடாவிலிருந்து திரும்பி வருவாளாம். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ரயில் நகர்ந்தபோது ஜன்னலுக்குள் குனிந்தாள், அன்றைக்குச் செருப்புக்குக் குனிந்தது மாதிரியே.

ஜனவரி 12

பெரிய ஃபைதா புயல். நாற்பது வைத்தபோதுகூட வீடு இவ்வளவு காலியாக இல்லை.

பிப்ரவரி 19, செவ்வாய்

துவாலை புதிதாக வாங்கினேன்.

மார்ச் 26, செவ்வாய்

வருடத்தின் கடைசிப் புயல் நேற்று ஓய்ந்தது. காலையில் அளந்தேன். இடிப்பு இல்லை. பஷந்தியிடம் சொல்லி நாலு சுமைக்காரர்களை வரவழைத்தேன். மூத்தவர் தூக்கிப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டார். உள்ளே பாரம் இருக்கிறது, திறந்து எடுத்துவிடுங்கள் என்றார்.

"சாவி என்கிட்ட இல்ல."

"தொலைஞ்சு போச்சா?"

"எஜமானியம்மாகிட்ட இருக்கு. உயிரோட இருக்காங்க, ஊர்ல இல்ல" என்றேன்.

ஒரு மாதிரி பார்த்தார்கள். அந்த வீதிக்காரர்களுக்கு இப்படி ஒரு பதில் பழக்கமில்லை. பூட்டினபடியே தூக்கினார்கள். நான் பூவேலைத் துணியை எடுத்துவிட்டு, குழிகளுக்கு மெழுகு தடவிவிட்டு, தள்ளி நின்றேன். உள்ளே தட்டு ஒன்றோடொன்று லேசாகத் தட்டிக்கொண்டது. நாலு முளையும் ஒன்றாக இறங்கின. அழுத்த வேண்டியிருக்கவில்லை.

அவர்கள் போனபிறகு வெகுநேரம் எதிரே உட்கார்ந்திருந்தேன். முழு உயரத்தில் பார்த்துப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. கண்ணாடி வழியாகத் துவாலைகள் தெரிகின்றன. வருகிறவர்கள் சிரிப்பார்கள்.

ஆறு மணிக்குக் கனடாவுக்கு ஃபோன் போட்டேன். அவளுக்கு அங்கே மதியம். செவ்வாய்க்கிழமை என்றால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறாள். எப்படி இருக்கே என்று கேட்பதற்கு முன்னால் நான் கேட்பது ஒன்றுதான்.

"சாவி இருக்கா?"

"இருக்கு" என்றாள் அக்கா. "கழுத்துல."